கப்பல் நிக்கிற நேரத்துல சமூக சேவை: அந்த 89 டாலர் செலவா, உதவியா?



நவம்பர் வந்தா அமெரிக்காவுல ஆன்சைட்ல இருக்கிற நம்ம ஆளுங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒரே பேச்சுதான். "தேங்ஸ்கிவிங் லீவுக்கு கரீபியன் குரூஸ் போலாமா?" மயாமியில ஏறினா ஏழு நாள், மூணு நாலு துறைமுகம், சாப்பாடு டிக்கெட்லயே அடக்கம். நானும் அப்படித்தான் ஆபீஸ் நண்பர்கள் ரெண்டு பேரோட போனேன். அந்தப் பயணத்தோட பட்ஜெட்டைப் பத்தி நம்ம சேனல்ல ஏற்கெனவே பேசியிருக்கேன். ஆனா அதுல ஒரு நாளை மட்டும் சொல்லாம விட்டுட்டேன். அதை இன்னிக்குச் சொல்றேன். ஏன்னா அந்த நாள்ல நான் செலவு பண்ணின 89 டாலரை எந்தக் கணக்குல எழுதறதுன்னு எனக்கு ரொம்ப நாளா குழப்பம்.

அன்னிக்குக் கப்பல் டொமினிக்கன் குடியரசோட வடக்குக் கரையில நின்னுச்சு. இறங்கிப் பார்க்கறதுக்கு ஒரு லிஸ்ட் கொடுத்தாங்க. ஜிப் லைன், அருவி, பீச், அதுக்கெல்லாம் நடுவுல "உள்ளூர்ப் பள்ளியில் தன்னார்வ சேவை", ஆளுக்கு 89 டாலர். அன்னிக்கு ரேட்டுக்கு ஏழாயிரம் ரூபாய்க்கு மேல. நண்பர்கள் அருவி பக்கம் சாய்ஞ்சாங்க. நான்தான் பிடிவாதமா மூணு பேருக்கும் இதை புக் பண்ண வச்சேன். "ஒரு நாளாவது உருப்படியா இருப்போம்டா"ன்னு சொன்னேன்.

அந்த வகுப்பறையில நடந்தது

பஸ்ல முக்கால் மணி நேரம். பள்ளிக்கூட வாசல்லயே பசங்க வரிசையா நின்னு கை தட்டினாங்க. உள்ள போனதும் எங்க ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு அட்டையைக் கொடுத்தாங்க. அதுல இங்கிலீஷ்ல பத்து கேள்வி. உன் பேர் என்ன, வயசு என்ன, பிடிச்ச கலர் என்ன... இப்படி. அந்த ஊர்ல ஸ்பானிஷ்தான் பேசுவாங்க. பையன்கிட்ட இங்கிலீஷ்ல பேசிப் பழக்கணும், அதுதான் எங்க வேலை.

எனக்கு எதிர்ல உட்கார்ந்த பையனுக்கு ஒன்பது வயசு இருக்கும். நான் "வாட் இஸ் யுவர் நேம்?"னு ஆரம்பிச்சேன். அவன் பேர், வயசு, ப்ளூ கலர், பேஸ்பால், ரெண்டு தங்கச்சின்னு பத்து கேள்விக்கும் ஒரே மூச்சுல பதிலை ஒப்பிச்சிட்டு, ஸ்டிக்கருக்காகக் கையை நீட்டினான்.

எனக்கு முன்னாடி எத்தனை கப்பல் வந்து அந்த அட்டையைப் படிச்சிருக்கும்?

அந்த வகுப்பு டீச்சர் நல்லா இங்கிலீஷ் பேசினாங்க. இடைவேளையில அவங்ககிட்ட கேட்டேன். குறையா எதுவும் சொல்லலை, சிரிச்சுக்கிட்டே, "கப்பல் வர்ற நாள்ல எங்க பாடம் நகராது. ஆனா பசங்களுக்கு ஜாலி"ன்னாங்க. நாங்க உள்ள இருந்தது மொத்தம் ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷம். போட்டோ எடுத்தோம். பஸ் ஏறினோம்.

நண்பர்களுக்கு ரொம்ப சந்தோஷம். எனக்கு மட்டும் என்னவோ தொண்டையில அடைச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்குக் காரணம் இருக்கு.

நான் அந்த பெஞ்சுல உட்கார்ந்திருக்கேன்

என் சொந்த ஊர் நாகப்பட்டினம் பக்கத்துல ஒரு கடலோர கிராமம். 2004 டிசம்பர் 26 சுனாமி வந்தப்போ நான் மூணாங்கிளாஸ். வீடு போச்சு. முகாம்ல இருந்தோம். எங்கெங்கிருந்தோ ஜனங்க வந்தாங்க. அவங்க மனசை நான் குறை சொல்லவே மாட்டேன். அன்னிக்கு வந்த சோறு இல்லைன்னா நாங்க இல்லை.

ஆனா வேன் வேனா பழைய துணியும் வந்துச்சு. ரோட்டோரத்துல மலை மாதிரி குவிஞ்சு கிடந்துச்சு. யாரும் எடுக்கலை. கட்டின புடவையோட தப்பிச்ச எங்க அம்மா, வேற யாரோ உடுத்திப் போட்ட துணியைக் கையால தொடலை. அதைப் பார்த்து "இவங்களுக்குத் திமிரைப் பாரு"ன்னு ஒருத்தர் சொன்னது என் காதுல விழுந்துச்சு.

அப்புறம் ஒரு அக்கா வந்தாங்க. கேமரா இல்லை, பேனர் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் வச்சிருந்தாங்க. அம்மாகிட்ட, "உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டாங்க. அத்தனை நாள்ல அந்தக் கேள்வியை முதல்ல கேட்டது அவங்கதான். அம்மா, "ஒரு அடுப்பு, ரெண்டு பாத்திரம் போதும்மா. நானே ஆக்கிக்கிறேன்"னாங்க. அடுத்த நாளே வந்துச்சு. அந்த அக்கா அதுக்கப்புறமும் ரெண்டு வருஷம் மாசா மாசம் வந்தாங்க.

அந்தக் கடனைத் திருப்பிக் கொடுக்கிறோம்னு நினைச்சுத்தான் நான் 89 டாலர் கட்டினேன். பெஞ்சுல உட்கார்ந்தப்போதான் புரிஞ்சுது. நான் அந்த அக்கா இல்லை. நான் பழைய துணி வேன்ல வந்த ஆளு.

சரி, கணக்குப் போடலாம்

நாம பணத்தைப் பத்திப் பேசற ஆளுங்க. உணர்ச்சியைக் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு நம்பரைப் பார்ப்போம்.

கப்பல் காலையில எட்டு மணிக்கு நின்னு சாயங்காலம் அஞ்சுக்குக் கிளம்புதுன்னு வச்சுக்கோங்க. கிளம்பறதுக்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்னாடியே ஏறிடணும். இறங்கற வரிசை, பஸ், வரவேற்பு, விளக்கம், சாப்பாடு, திரும்பற பஸ் எல்லாம் போக வேலைக்கு மிஞ்சறது ரெண்டு, மூணு மணி நேரம். புது ஆளுக்கு வேலையைச் சொல்லிக் கொடுக்கவே அதுல பாதி போயிடும். உங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவர் முதல் நாள் மூணு மணி நேரத்துல என்ன டெலிவர் பண்ணுவார்? அவ்வளவுதான் இதுவும். அதுவும் அவர் அடுத்த நாள் வரவே மாட்டார்.

ஆக, நம்ம உழைப்போட மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். மிச்சம் இருக்கறது 89 டாலர். அது எங்க போகுது? பொதுவா இந்த மாதிரி டூர்ல கப்பல் கம்பெனி தன் பங்கை எடுத்துக்கும். அடுத்தது உள்ளூர் டூர் ஆபரேட்டர், பஸ், கைடு. இதெல்லாம் போகத்தான் பள்ளிக்கூடம். எங்க கைடுகிட்ட பள்ளிக்கு எவ்வளவு போகும்னு கேட்டேன். அவருக்குத் தெரியலை. அவர் பொய் சொல்லலை, நிஜமாவே யாரும் அவருக்குச் சொல்லலை.

இதுல ஏமாத்து வேலை எதுவும் இல்லை. பஸ் டிரைவருக்கும் கைடுக்கும் கிடைச்ச சம்பளம் நல்ல காசுதான். என் வாதம் ஒண்ணே ஒண்ணு: அது ஒரு டூர். டூர்னு கணக்கு எழுதுங்க. உதவின்னு எழுதாதீங்க. ஏன்னா உதவின்னு எழுதிட்டா, "இந்த வருஷக் கோட்டா முடிஞ்சுது"ன்னு மனசு டிக் போட்டுடும். நஷ்டம் அங்கதான் ஆரம்பிக்குது.

ஒரு கம்பெனி இதை முழுசா முயற்சி பண்ணிச்சு

"மூணு மணி நேரம் போதாதுன்னா, முழுப் பயணமுமே சேவைக்குன்னு வச்சா?" நல்ல கேள்வி. கார்னிவல் குழுமம் அதைச் செஞ்சு பார்த்துச்சு. ஃபாதம்னு தனி பிராண்ட். 2016 ஏப்ரல்ல அடோனியான்னு சுமார் 700 பேர் போற சின்னக் கப்பலோட தொடங்கினாங்க. ஒரு வாரம் டொமினிக்கன் குடியரசு, அடுத்த வாரம் கியூபா. டொமினிக்கன் வாரத்துல கப்பல் ஒரே இடத்துல மூணு நாளுக்கு மேல நிக்கும். பயணிங்க மண் தரை வீடுகளுக்கு சிமெண்ட் தரை போடலாம். தண்ணி சுத்தம் பண்ற களிமண் ஃபில்டர் செய்யற இடத்துல வேலை பார்க்கலாம். பெண்கள் நடத்தற சாக்லேட் தயாரிப்பு, பழைய பேப்பர்ல புது பேப்பர் செய்யற தொழில், இதுக்கெல்லாம் கை கொடுக்கலாம். மரம் நடலாம், இங்கிலீஷ் சொல்லித் தரலாம்.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு இருக்கு. சிமெண்ட் தரை அங்கேயே இருக்கும். சாக்லேட் தொழில் கப்பல் வராத நாளும் நடக்கும். உள்ளூர்க்காரங்கதான் முதலாளி, பயணிங்க கூடுதல் கை, கூடவே சாக்லேட் வாங்கற கஸ்டமர். அந்த அமைப்பு சரியான அமைப்பு.

ஆனா 2017 ஜூனோட ஃபாதம் கப்பல் பயணம் நின்னுடுச்சு. அந்த அளவுக்கு டிக்கெட் வாங்க ஆள் இல்லை. இதுல நமக்கு என்ன பாடம்? லீவுல போற ஜனங்க லீவைத்தான் வாங்குவாங்க. சேவை அதுல ஒரு நாள் சைடு டிஷ்ஷாதான் விலை போகும். அந்த சைடு டிஷ்ஷைத்தான் நான் 89 டாலருக்கு வாங்கினேன்.

கப்பலோட உண்மையான பலம் எது?

2010 ஜனவரி 12, ஹைத்தியில பூகம்பம். தலைநகரம் தரைமட்டம். மூணே நாள்ல ராயல் கரீபியன் கப்பல் ஒண்ணு, தலைநகரத்துல இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற லபாடீல வந்து நின்னுச்சு. அது வேலி போட்ட, கம்பெனி குத்தகைக்கு எடுத்த பீச். "அங்க பிணம் எடுக்கறாங்க, இங்க நீச்சலா?"ன்னு உலகமே திட்டுச்சு. பயணிகள்லயே சிலர் இறங்கலை. ஆனா அதே கப்பல் நிவாரணப் பொருளையும் இறக்கிச்சு. பீச்சுல வேலை பார்த்த, கடை போட்ட ஹைத்திக்காரங்களுக்கு அந்த வருமானமும் நிக்கலை. எது சரின்னு நீங்களே யோசிங்க. எனக்கு ரெண்டு பக்கமும் நியாயம் தெரியுது.

2019 செப்டம்பர்ல டோரியன் புயல் பஹாமாஸை அடிச்சப்போ, கிராண்ட் செலிப்ரேஷன்னு ஒரு குரூஸ் கப்பல் நிவாரணப் பொருளையும் மீட்புக்குப் போற ஆளுங்களையும் ஏத்திக்கிட்டு ஃப்ரீபோர்ட் போச்சு. திரும்பி வரும்போது ஆயிரம் பேருக்கு மேல ஃப்ளோரிடாவுக்குக் கூட்டிட்டு வந்துச்சு.

ரெண்டுலயும் கப்பல் செஞ்சது என்ன? சுமந்துச்சு. பணம் கொண்டு வந்துச்சு. கப்பலுக்கு எது வருமோ அதைச் செஞ்சுச்சு. கப்பல்ல போற நமக்கும் அதேதான். நம்மகிட்ட இருக்கறது ரெண்டு: பெட்டியில இடம், கையில காசு. மூணு மணி நேர உழைப்பு அந்த லிஸ்ட்லயே இல்லை.

"போனா கண்ணாவது திறக்குமே?"

இதை என் நண்பனே கேட்டான். "நீ போகலைன்னா அந்தப் பையனைப் பார்த்திருப்பியா? இதை எழுதியிருப்பியா?"

உண்மைதான். போறதால நமக்கு ஏதோ ஒண்ணு மாறுது, நான் மறுக்கலை. ஆனா அதுக்கு விலை யார் கொடுக்கறாங்கன்னு பாருங்க. ஒரு வகுப்போட ஒரு காலைப் பாடம். நம்ம கண்ணு திறக்க அந்தப் பசங்களோட பாட நேரம்தான் ஃபீஸா?

குழந்தைங்க காப்பகத்துக்குப் போறது இன்னும் மோசம். ஹைத்தி மாதிரி இடங்கள்ல காப்பகத்துல இருக்கிற பசங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அப்பா அம்மாவுல ஒருத்தராவது உயிரோட இருக்காங்க. வறுமைதான் அவங்களைப் பிரிச்சிருக்கு. பார்க்க ஆளும் பணமும் வர வர, பசங்களை வீட்டுக்கு அனுப்பாம வச்சுக்கத்தான் லாபம். லிஸ்ட்ல "அனாதை இல்லம் விசிட்"னு இருந்தா, எவ்வளவு உருக்கமா எழுதியிருந்தாலும் போகாதீங்க. தானம் பண்றேன்னு நாம ஒரு தப்பான சந்தைக்கு டிமாண்ட் கொடுக்கக் கூடாது.

இன்னொண்ணு. அந்த ஊர் ஜனங்க கப்பலைப் பார்த்துக் காத்துக்கிட்டு இல்லை. டொமினிக்கன் குடியரசுல கல்விக்கு நாட்டு வருமானத்துல 4 சதவீதம் ஒதுக்கணும்னு 1997லயே சட்டம் இருந்துச்சு. அரசாங்கம் ஒதுக்கலை. மக்கள் மஞ்சள் குடையைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல இறங்கினாங்க. 2013 பட்ஜெட்ல வாங்கிட்டாங்க. ஸ்டிக்கர் கொடுக்கப் போன எனக்கு இது அப்போ தெரியாது. தெரிஞ்சிருந்தா கொஞ்சம் அடக்கமா போயிருப்பேன்.

நீங்க போனா என்ன பண்ணலாம்?

1. ஊர் இருக்கிற துறைமுகமா பார்த்து டிக்கெட் எடுங்க. பல ரூட்ல ஒரு நாள், ரெண்டு நாள் கப்பல் கம்பெனியோட சொந்த தீவு இல்லைன்னா தனி பீச்சுதான். அங்க நீங்க செலவு பண்ற காசுல பெரும்பகுதி அதே கம்பெனிக்கே திரும்பும்.

2. மதியச் சாப்பாட்டை ஊருக்குள்ள சாப்பிடுங்க. கப்பல்ல ஃப்ரீயா இருக்குன்னு எல்லாரும் திரும்பி ஓடறாங்க. துறைமுக வேலியைத் தாண்டி, உள்ளூர் டாக்ஸி, உள்ளூர் கைடு, உள்ளூர் கடைன்னு 40 டாலர் செலவு பண்ணினா அது நேரா ஒரு குடும்பத்துக்குப் போகும். புயல் அடிச்ச ஊருக்கும் இதுதான் பொருந்தும். 2025 அக்டோபர்ல மெலிசா புயல் ஜமைக்காவைப் புரட்டிப் போட்டுச்சு. அந்த மாதிரி இடத்துல ஊர் திரும்பத் திறந்ததும் போய் செலவு பண்றதே பெரிய உதவி.

3. கேட்டதைக் கொண்டு போங்க. பேக் ஃபார் எ பர்பஸ்னு ஒரு அமைப்பு 2010ல இருந்து இதைத்தான் சொல்லுது. எந்த ஊர்ல எந்தப் பள்ளிக்கு, மருத்துவமனைக்கு என்ன தேவைன்னு அங்க இருக்கிறவங்ககிட்டயே கேட்டு லிஸ்ட் போடறாங்க. பெட்டியில ரெண்டு கிலோ இடம் ஒதுக்கினா போதும். புதுப் பொருளா, பிரிக்காம கொண்டு போங்க. கஸ்டம்ஸ் விதியை முன்னாடியே பார்த்துக்கோங்க.

4. கட்டாயம் சேவைதான் பண்ணணும்னா நாலு கேள்வி கேளுங்க. இந்த வேலையை யார் கேட்டாங்க? கப்பல் வராத நாள்ல இதை யார் பண்றாங்க? என் காசுல எவ்வளவு அவங்களுக்குப் போகுது? டூரிஸ்ட்டா வந்தவங்க இந்த வேலை பண்ண இந்த நாட்டுச் சட்டம் ஒத்துக்குதா? நாலுக்கும் பதில் வந்தா தாராளமா போங்க. பீச் சுத்தம், மரம் நடறது மாதிரி, யார் கைப்பட்டாலும் கெட்டுப்போகாத வேலையா இருந்தா இன்னும் நல்லது.

5. உதவியைத் தனியா, மாசா மாசம் போடுங்க. எஸ்ஐபி மாதிரி ஆட்டோ டெபிட். மாசம் 500 ரூபாய்னா வருஷத்துக்கு 6,000. ஒரு நாள் டூர் காசை விடக் கம்மி. ஆனா வாங்கறவங்க அதை நம்பித் திட்டம் போட முடியும். இந்தியாவுல வரிக் கழிவுக்குப் பதிவு இருக்கிற அமைப்புக்குக் கொடுத்தா, பழைய வரி முறையில கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா கொடுத்தா கிடைக்காது. புதிய வரி முறையில இந்தக் கழிவே இல்லை. வெளிநாட்டு அமைப்புக்கு நேரா அனுப்பினாலும் கிடையாது. வரிக்காக மட்டும் கொடுக்கறவங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. மத்தவங்க கவலைப்படாதீங்க.

அந்த டீச்சர் கேட்டது

பஸ் ஏறறதுக்கு முன்னாடி அந்த டீச்சர்கிட்ட, "உங்களுக்கு நிஜமா என்ன வேணும்?"னு கேட்டேன். அந்த அக்கா எங்க அம்மாகிட்ட கேட்ட அதே கேள்வி. அவங்க கொஞ்சம் யோசிச்சாங்க. அப்புறம் ஒரு துண்டுச் சீட்டுல ஏதோ நம்பர் எழுதிக் கொடுத்தாங்க. பிரிண்டர் டோனர் மாடல் நம்பர். டோனர் தீர்ந்து போய், பயிற்சித் தாளைக் கையாலயே எழுதிக்கிட்டு இருக்காங்களாம்.

பெயிண்ட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை, என் இங்கிலீஷும் இல்லை. டோனர்.

அந்தச் சீட்டு என் பர்ஸ்லயே மூணு மாசம் கிடந்துச்சு. பணம் அனுப்ப வழி தேடினேன், கமிஷனும் ஃபார்மும் பார்த்து சலிச்சுப் போச்சு. உண்மையைச் சொல்லணும்னா சோம்பேறித்தனமும்தான். மார்ச்ல எங்க டீம்ல ஒரு அண்ணன் குடும்பத்தோட அதே துறைமுகத்துக்குப் போறார்னு தெரிஞ்சுது. ரெண்டு டோனர் வாங்கி அவர் பெட்டியில வச்சேன், 71 டாலர். அவர் டூர் எதுவும் எடுக்கலை. உள்ளூர் டாக்ஸியில போய், பள்ளி ஆபீஸ்ல கொடுத்துட்டு, பக்கத்துலயே சாப்பிட்டுட்டு வந்துட்டார். பத்து நிமிஷ வேலை. எந்த வகுப்பும் நிக்கலை. போட்டோவும் இல்லை.

என் எக்ஸெல் ஷீட்ல இப்போ ரெண்டு வரி இருக்கு. 89 டாலர்: பயணம், பொழுதுபோக்கு. 71 டாலர்: உதவி.

நீங்களும் உங்க ஷீட்டைத் திறந்து, போன வருஷம் "உதவி"ன்னு எழுதின வரிகளை ஒரு தடவை பாருங்க. அதுல எத்தனை, வாங்கினவங்க கேட்டது?